ஓமும் ஆமாவும்

“மிஸ், நீங்க யாழ்ப்பாணமா?” என்று அம்மா என்னிடம் கேட்டார்.

மூன்று வருடங்களுக்குப் பிறகு அன்றுதான் அவருடன் பேசினேன். புது நம்பரிலிருந்து போன் எடுத்து, “அம்மா” என்றேன். தேயிலைத் தோட்டத்து லயத்துப் பக்கம் சிக்னல் சரியில்லை, கேட்கிறதா என்று விசாரித்தார். “ஓம், கேக்குது” என்றேன். நாங்கள் ‘ஆமா’ என்போம், யாழ்ப்பாணத்தார்தான் ‘ஓம்’ என்பார்கள். அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. எங்கள் லயத்துக்குப் போன் எடுத்து ‘ஓம்’ என்று பேசுகிறவர்கள் கச்சேரி அரசாங்க அலுவலர்கள், இல்லாவிட்டால் டொக்டர்மார். அவர்களும் எல்லாப் பெண்களையும் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

நான் தெமோதரைப் பக்கத் தோட்டமொன்றில் மகனாகப் பிறந்தவள். மகன் என்பதை நான் ஒருநாளும் நம்பியதில்லை. பத்தாம் வகுப்பில் குரல் உடைந்தது. பெயர் கூப்பிடும்போது பதில் சொன்னால் வகுப்பே சிரித்தது. அதனால் வாய் திறப்பதை விட்டேன். வாய் திறக்காததால் வரவில்லை என்று குறித்தார்கள். பிறகு உண்மையாகவே போகவில்லை. கடைசியில் வீட்டுக்கும் சொல்லாமல் கிளம்பி வந்துவிட்டேன்.

இப்போது பதுளையில் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகள் தைக்கும் கடையில் வேலை. என் பெயர் கேஷானி. முடி வளர்ந்துவிட்டது. பார்க்கிறவர்கள் பெண் என்றே நினைப்பார்கள், நான் பேசும் வரைக்கும். ஆகவே பேசாமல் இருந்தேன். பக்கத்து மெஷினில் இருக்கும் ஸில்மியா அக்கா என்னை ஊமைக்குக் கொஞ்சம் மேலே என்று முடிவு செய்திருந்தார். “இவளக் கட்டிக்கிறவன் குடுத்து வெச்சவன். வீட்டுல சண்டையே வராது” என்பார். நானும் சத்தமில்லாமல் சிரிப்பேன்.

குரல் பழக்கித் தருகிற சுலோஜனா மிஸ்ஸை, என்னைப் போன்றவர்களுக்கான ஓர் அமைப்பு வழியாகக் கண்டுபிடித்தேன். அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. செவ்வாய்க்கிழமைகளில் போனுக்குக் குரல் பதிவுகள் அனுப்புவார். தண்ணீரில் ஸ்ட்ரோ வைத்து ஊதிக்கொண்டே முனக வேண்டும். உதடு அதிர ‘ம்ம்’ என்று இழுக்க வேண்டும். குரலை உயர்த்தினால் மட்டும் போதாது, நெஞ்சில் முழங்குவதை வாய்க்கு முன்னால் கொண்டுவர வேண்டும் என்பார். மெஷின்கள் எல்லாம் ஓடும்போது அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்து நான் முனகுவேன். பத்து மாதம் அப்படிப் போனது. என் புதிய குரலைக் கேட்டது அந்தப் போன் மட்டும்தான்.

குரலோடு மிஸ்ஸின் பேச்சும் எனக்குள் வந்துவிட்டதை அம்மா கேட்ட பிறகுதான் உணர்ந்தேன். ‘ஓம்’, ‘வாறன்’, ‘இருக்கிறன்’ எல்லாம் பெண் குரலில் வந்தன. ‘ஆமா’ என்றவுடன் குரல் நெஞ்சுக்குள் விழுந்தது. எங்கள் வீட்டுச் சொற்கள் எல்லாமே பழைய குரலில் ஊறிக் கிடந்தன.

அன்று நான் திருத்தவில்லை. ஓம், யாழ்ப்பாணம்தான், தோட்டத்து ஆட்களின் சுகம் விசாரிக்க எடுக்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு ஞாயிறு தோறும் எடுத்தேன். பொய் என்று தெரிந்தும் எடுத்தேன். அம்மா முழங்கால் வலியைச் சொன்னார், அட்டைக்கடியைச் சொன்னார். மகன் கொழும்பில் இருப்பதாக எல்லாரிடமும் சொல்லி வைத்திருப்பதையும் ஒருநாள் சொன்னார்.

“மூஞ்சிய காட்டாட்டியும் பரவால்லீங்க மிஸ். அவன் கொரல ஒருக்கா கேட்டா போதும்” என்றார்.

கேட்டுக்கொண்டுதானே இருக்கிறீர்கள் என்பது வாய் வரை வந்தது. முழங்காலுக்கு என்ன மருந்து போடுகிறார் என்று கேட்டேன்.

சுலோஜனா மிஸ்ஸிடம் நடந்ததை எழுதினேன். “நான் கதைக்கிற மாதிரி உங்களுக்கு வேண்டாம். உங்கட வீட்டுப் பேச்சிலயே பழகுங்கோ” என்று பதில் வந்தது. ஆமா, வாரேன், சாப்டேன் என்று முதலிலிருந்து தொடங்கினேன். இரண்டு மாதத்தில் ‘ஆமா’ விழாமல் நின்றது. அடுத்த ஞாயிறு, மிஸ்ஸாகப் பேசி, பிள்ளையைக் கண்டுபிடித்துவிட்டதாகவும், பதுளைக்கு வந்தால் கூட்டிவருவதாகவும் அம்மாவிடம் சொன்னேன்.

பஸ் நிலையத்து வாங்கில் அம்மா கோவிலுக்கு உடுக்கும் சேலையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போனதும் யாரோ பெண் என்று நினைத்து நகர்ந்து இடம் விட்டார். உட்கார்ந்தேன்.

“அம்மா, நான்தாம்மா.”

என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். காது, நெற்றி, விரல்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“நீயா?”

“ஆமாம்மா.”

குரல் விழவில்லை. அம்மா ஆட்களுக்கு நடுவே கண்ணை ஓட்டி, “அந்த மிஸ் எங்க?” என்றார்.

“அதும் நான்தாம்மா.”

சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். அவர் மிஸ்ஸிடம் சொன்ன ஒவ்வொன்றும் அப்போது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். இரண்டு பஸ்கள் வந்து போயின.

“ஒருக்கா அம்மான்னு கூப்புடு” என்றார் கடைசியில். “பழைய மாதிரி.”

அந்தப் பழைய குரல் தொண்டையிலேயே இருந்தது. பத்து மாதமும் தேவையில்லை, ஒரு மூச்சு போதும். அதைக் கொடுத்தால் அம்மா என் கையைப் பிடித்துக்கொள்வார், தெரியும். ஆனால் அம்மா பிடிப்பது கொழும்பில் இருக்கும் மகனின் கை. அடுத்த ஞாயிறும் அவனைத்தான் கேட்பார். எனக்கு அங்கே இடமிருக்காது.

“அம்மா” என்றேன். இப்போது என்னுடையதாகிவிட்ட குரலில்.

தெமோதரை பஸ் வந்து நின்றது. அம்மா எழுந்து சேலையைச் சரி செய்தார். கம்பியைப் பிடித்து ஏறி, நான் இருந்த பக்கத்தை விட்டு மறுபக்கத்து ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். பஸ் திரும்பும்போது அவருடைய கொண்டை மட்டும் தெரிந்தது.