இடது கன்னம்

சாவை விசாரிப்பது எப்படி என்பதைக் கேப்டன் ஷுக்ரி இரண்டே நாளில் சொல்லிக் கொடுத்துவிடுவார். முதல் நாள் பிணம், ரத்தம், கயிறு கட்டி இடத்தைக் காப்பது. இரண்டாம் நாள் மாதிரி வழக்கு, அதைப் பற்றி ஓர் அறிக்கை. எங்கோ வெளிநாட்டில் ஒரு வாரம் உட்கார்ந்து வந்ததற்கான சான்றிதழ் அவர் மேசைக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கியது. அந்த ஒரு வாரத்தைத்தான் அவர் ஆறு வருடமாகப் பிழிந்துகொண்டிருந்தார்.

அறிக்கைப் பாடத்துக்காக வந்தவள் மெஹ்ரசியா. ஸ்ஃபாக்ஸ் நகரத்து மேல்நிலைப் பள்ளியில் பதினெட்டு வருடம் அரபு இலக்கணம் நடத்தியவள். பயிற்சிக் காவலர்களுக்கு ஒரு வாக்கியத்தை ஒழுங்காக எழுதக் கற்றுத்தர ஆள் வேண்டும் என்று கல்வி அலுவலகம் கேட்டபோது மற்ற ஆசிரியர்கள் சிரித்தார்கள். இவள் பெயர் கொடுத்தாள்.

காரணம் அவள் தம்பி மோன்ஜி. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலையில், தான் வேலை செய்த ஆலிவ் எண்ணெய் ஆலையின் தரையில் செத்துக் கிடந்தான். சக தொழிலாளி ஒருவனின் விரல்களை இயந்திரம் தின்ற விவகாரத்தில், முதலாளிக்கு எதிராக அன்றைக்குத்தான் சாட்சி சொல்ல இருந்தான். போலீஸ் மாரடைப்பு என்று எழுதி மூடிவிட்டது. உடலை யாரும் அறுத்துப் பார்க்கவில்லை. அவள் ஏழு மனு போட்டாள். ஏழுக்கும் ஒரே பதில்தான் வந்தது: புதிய தகவல் எதுவும் இல்லாததால் மறுவிசாரணைக்கு இடமில்லை. கோப்பை அவள் கண்ணில்கூடக் காட்டவில்லை.

மூன்று மாதமாக அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்து பயிற்சித் தாள்களைத் திருத்திக்கொண்டே மற்றவர்களின் வகுப்புகளையும் கேட்டு வந்தாள். எழுவாய் எது, பயனிலை எது என்று தெரியாத முப்பது பேர் அடுத்த மாதம் ஊரைக் காக்கப் போகிறார்கள் என்பதை நினைத்தால் அவளுக்குக் கதவைத் தாழ்ப்பாள் போடத் தோன்றும்.

நேற்று கேப்டன் ரத்தத்தைப் பற்றிச் சொன்னார்.

"செத்தவன் உடம்புல ரத்தம் ஓடாது. தண்ணி மாதிரி கீழ இறங்கும். எந்தப் பக்கம் தரையில இருக்கோ அந்தப் பக்கம் கருநீலமாகும். தரையில அழுந்துன எடம் மட்டும் வெள்ளையா இருக்கும். எட்டு மணி நேரம் போச்சுன்னா அப்படியே நின்னுடும். அப்புறம் நீ தலைகீழாத் தொங்க விட்டாலும் மாறாது. எழுதிக்கிட்டீங்களா?"

எழுதிக்கொண்டார்கள். எழுதிக்கொள்வதில் அவர்களுக்கு நிகர் யாருமில்லை.

அடுத்து வந்த சார்ஜண்ட் ஹம்மாதி, பிணம் கிடக்கும் இடத்தில் சட்டைப் பொத்தானைக்கூடத் தொடக் கூடாது என்று தொண்டை கிழியக் கத்திவிட்டுப் போனார்.

இன்று காலை பத்தரை மணிக்குக் கேப்டன் திரையில் ஒரு படத்தைப் போட்டார்.

"இதான் மாதிரி வழக்கு. நானே விசாரிச்சது. நல்லாப் பாருங்க. வலது பக்கமா ஒருக்களிச்சிருக்கான். முகம் கிப்லாவப் பாத்து. கண்ணு மூடியிருக்கு. என்ன புரியுது?"

"நல்ல சாவு, சார்," என்றான் முன்வரிசையில் ஒருவன்.

"சபாஷ்! நெஞ்சு வலிச்சிருக்கு. போகப் போறோம்னு தெரிஞ்சிருக்கு. முஸ்லிமா மக்கா பக்கம் திரும்பிப் படுத்துட்டான். எந்தக் கொலைகாரன்டா திசை பாத்துப் படுக்க வைப்பான்?"

வகுப்பு சிரித்தது. மெஹ்ரசியாவின் சிவப்புப் பேனா தாளின் மேலேயே நின்றது. மோன்ஜியை அவள் கஃபன் துணிக்குள் சுற்றிய பிறகுதான் பார்த்திருந்தாள். இப்போது அவன் சுவரளவுக்குப் பெரிதாக, ஆலைக்குப் போட்டுப் போகும் பச்சைச் சட்டையோடு கிடந்தான். வலது பக்கம் தரையில் இருந்தது. மேலே தெரிந்த இடது கன்னம் முழுக்கக் கருநீலம். அதன் நடுவில் நாணயம் அளவுக்கு ஒரு வெளுப்பு.

ஒரு கையாவது உயரும் என்று காத்திருந்தாள். உயரவில்லை. நேற்று எழுதிய பாடம் நேற்றைய பக்கத்தில் பத்திரமாக இருந்தது.

அவள் எழுந்தாள். 

"கேப்டன், அறிக்கைப் பயிற்சிக்கு இதையே வச்சுக்கலாமா?"

"தாராளமா, டீச்சர். அழகான சாவு, அழகா எழுதட்டும்."

"மேல தேதி, நேரம். கீழ பேரு, கையெழுத்து," என்றாள் வகுப்பைப் பார்த்து. "கண்ணு பாத்தது, காது கேட்டது ரெண்டும் மட்டும். உங்க அபிப்பிராயத்த யாரும் கேக்கல."

அந்த நேரம் பார்த்து, ஹரிஸா மிளகாய் விழுது வழியும் ரொட்டியோடு சார்ஜண்ட் ஹம்மாதி உள்ளே நுழைந்தார். திரையைப் பார்த்தவர் முகம் மலர்ந்தது.

"அட, நம்ம ஆளு!"

"நீங்க அங்க போயிருந்தீங்களா, சார்ஜண்ட்?"

"போயிருந்தேனாவா? முதல் ஆளே நான்தான், டீச்சரம்மா. கேப்டன் காப்பி குடிச்சிட்டு வர முக்கால் மணி நேரம் ஆச்சு."

"நீங்க போறப்ப எப்படிக் கிடந்தார்?"

"குப்புற. மூஞ்சி தரையில ஒட்டிக்கிட்டு, கண்ணு தொறந்தபடி. மரக்கட்ட மாதிரி வெறச்சிட்டான், பாவம். நான்தான் மூச்சப் புடிச்சுப் புரட்டி, கிப்லா பக்கம் திருப்பி, கண்ண மூடி விட்டேன்." அவர் ரொட்டியைக் கடித்தார். "பின்ன? ஒரு முஸ்லிம மூட்டை மாதிரி போட்டுட்டு வாசல்ல நின்னு சிகரெட் புடிக்கவா?"

"அல்லாஹ் உங்களுக்கு நன்மை தரட்டும், சார்," என்றது வகுப்பு.

மோன்ஜியை அன்று மனிதனாக மதித்தவர் இந்த ஒருவர்தான். அவனுக்கு நடந்ததை முதலில் புதைத்தவரும் இவரேதான். இரண்டையும் ஒரே கையால் செய்துவிட்டு, அதே கையில் ரொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நேரம் பத்து நாற்பது," என்றாள் மெஹ்ரசியா. "சார்ஜண்ட் சொன்னது சொன்னபடி. குப்புற. முகம் தரையில. நானே புரட்டினேன். எழுதுங்க."

முப்பது பேனாக்கள் ஓடின. கேப்டன் கடிகாரத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், பிறகு ஹம்மாதியைப் பார்த்தார். விஷயம் அவர் மூளைக்குப் போய்ச் சேர அவ்வளவு நேரம் பிடித்தது. அதற்குள் அவள் வரிசை வரிசையாகப் போய்த் தாள்களை வாங்கிவிட்டாள்.

"டீச்சர், அதைக் குடுங்க."

"திருத்தணும், கேப்டன்."

"இது கோப்பு சம்பந்தப்பட்டது!"

"கோப்பு உங்ககிட்டயே இருக்கட்டும். இது இலக்கணப் பாடம்."

"யாரும்மா நீ?"

"மூணு மாசமா உங்க வருகைப் பதிவேட்டுல குடும்பப் பேரோட கையெழுத்து போடறேன். படத்துக்குக் கீழயும் அதே பேர்தான் இருக்கு. ஆறு வருஷமா விசாரணை சொல்லிக் குடுக்கறவர், படிச்சுப் பாருங்க."

அவர் நிஜமாகவே திரும்பிப் படித்தார். அவள் வெளியே நடந்தாள். அவளைத் தடுக்க முப்பது பேருக்கும் யாரும் உத்தரவு போடவில்லை. உத்தரவில்லாமல் அவர்கள் தும்மவும் மாட்டார்கள்.

பேருந்தில் உட்கார்ந்து தாள்களைத் திருத்தினாள். இருபத்திரண்டு பேர் 'அமைதி தவழும் முகம்' என்று எழுதியிருந்தார்கள். மூன்று பேர் பாவமன்னிப்பு கேட்டு துஆ எழுதியிருந்தார்கள். ஒருவன் 'குப்புற' என்பதை மூன்று விதமாக எழுதியிருந்தான். ஆனால் சார்ஜண்ட் சொன்னது முப்பதிலும் வரி பிசகாமல் இருந்தது. இந்திஸார் என்ற பெண் மட்டும் கூடுதலாக நான்கு வரி எழுதியிருந்தாள்: 'இடது கன்னம் கருநீலம். நடுவில் வெளுப்பு. உடல் வலப்பக்கமாக இருக்கிறது. பொருந்தவில்லை.' கடைசிச் சொல் அபிப்பிராயம் என்பதால் ஒரு மதிப்பெண்ணைக் குறைத்து, இருபதுக்குப் பத்தொன்பது போட்டாள்.

அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் துணை வழக்கறிஞர் தாள்களைப் புரட்டினார், முகத்தைச் சுளித்தார், மறுபடி புரட்டினார்.

"எல்லாரும் போலீஸா?"

"அடுத்த மாசத்துலேர்ந்து."

"இவங்க பொய் சொல்றாங்கன்னு எழுதணும்னா நான் ஒரு பயிற்சிப் பள்ளியையே மூடணும்."

"மூடலாம். யாருக்கும் நஷ்டமில்ல."

அவர் மூடிய கோப்பை மறுபடி எடுக்கச் சொல்லிக் குமாஸ்தாவிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். குப்புற விழுந்தவனுக்குப் பின்மண்டையில் அடி விழுந்திருந்தால் எலும்பு இன்னும் காட்டும், ஆனால் கப்ரைத் தோண்டித் திறக்க வேண்டும், அதற்குத் தாயின் சம்மதம் வேண்டும் என்று ஒரு படிவத்தை நீட்டினார்.

அம்மா ஸல்ஹா சமையலறையில் பச்சை மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். மகன் கிப்லாவைப் பார்த்தபடி போனான் என்று இரண்டு வருடமாகத் துக்கம் கேட்க வந்த அத்தனை பேரிடமும் சொன்னவள். அவளுக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான். மெஹ்ரசியா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

"தானாத் திரும்பலையா?"

"இல்லம்மா. குப்புறக் கிடந்திருக்கான். ஒரு சார்ஜண்ட் திருப்பிப் போட்டிருக்கான்."

அம்மா இன்னும் மூன்று காய்களை உரித்தாள். நான்காவதை உரிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"திருப்புனானே, அதுக்காக அவனுக்கு துஆ கேப்பேன். ரெண்டு வருஷம் வாயத் தொறக்காம இருந்தானே, அதுக்காக எதிர்ல வந்தா மூஞ்சில துப்புவேன். ரெண்டையும் அவன்கிட்ட சொல்லு."

"சொல்றேன்."

"தோண்டறப்ப எலும்ப யாரு தொடுவா? அந்தக் கேப்டனா?"

"இல்லம்மா. டாக்டர். நானும் பக்கத்துல நிப்பேன்."

"நீ மட்டும் இல்ல, நானும் வருவேன். அவங்க என்ன எழுதறாங்கன்னு நீ பாரு. கை எங்க போகுதுன்னு நான் பாக்கறேன்."

மெஹ்ரசியா படிவத்தோடு எடுத்து வைத்த மைத்தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கட்டைவிரலைப் பாவாடையில் துடைத்து, மையில் ஒற்றி, படிவத்தின் அடியில், காட்டிய இடத்தில் அழுத்தி வைத்தாள்.