நல்ல பல்லைப் பிடுங்கியவள்

எனக்கு நோய் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பார்க்கிறவர்கள் எல்லாரும் இதையே என் மேல் குற்றப்பத்திரிகை மாதிரி வாசிக்கிறார்கள். "உனக்குத்தான் ஒண்ணுமே இல்லையே, அப்புறம் எதுக்கு அறுத்துப் போட்ட?" ஒன்று வந்து தொலைப்பதற்கு முன்னால்தான் அறுத்துப் போட்டேன். மார்பில் புற்று வந்த பிறகு அறுத்தவள் எங்கள் அம்மா. அறுத்தும் போய்ச் சேர்ந்தாள். அவளுக்கு முன்னால் பெரியம்மா. அந்தப் புற்றை வரவழைக்கிற பரம்பரைக் கோளாறு எனக்கும் இருப்பது ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. இரண்டு மார்பையும் எடுக்கச் சொல்லிவிட்டேன். பதிலுக்கு எதையும் வைத்துத் தைக்க வேண்டாம் என்றும் நானே சொன்னேன். என் நெஞ்சு, என் இஷ்டம்.

நான் வேலை பார்ப்பது செயற்கைப் பல் செய்யும் பட்டறையில். பல் டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். என் தங்கை அதில் பிளாஸ்டர் ஊற்றி வார்ப்பாள். அம்மா இருந்தவரை மெழுகு வேலை அவளுடையது. கடைசியில் நான் பீங்கான் மாவைத் தூரிகையால் பூசி, பக்கத்துப் பல்லின் நிறத்துக்குக் கொண்டுவந்து, உலையில் வைத்து எடுப்பேன். முதலாளிக்கு நாங்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் கடவாய். எதைக் கொடுத்தாலும் அரைத்துக்கொண்டே இருப்பார்.

நான் லீவு கேட்டபோதும் அரைத்தார். "உடம்பு சரியில்லன்னாத்தானேம்மா சிக் லீவு? நல்லா இருக்கிற உடம்பை நீயா போய் வெட்டிக்கிட்டா அதுக்கு என்ன பேரு? நல்ல பல்லைப் பிடுங்கிப் போட்டுட்டு, செட் கட்டிக் குடுன்னு நிக்கிற மாதிரில்ல இருக்கு!" பட்டறையே சிரித்தது. தங்கை மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கும் அதே கோளாறு. அவளுக்கும் தேதி வாங்கியாகிவிட்டது. நான் தேறி எழுந்ததும் அவள் படுக்க வேண்டும், நான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. இரண்டு பேரும் ஒன்றாகப் படுத்துவிட்டால் யார் யாருக்குத் தண்ணீர் கொடுப்பது?

இது மூன்றாவது வாரம். ரத்தநீர் வடிய வைத்திருந்த குழாய்களை எடுத்துவிட்டார்கள். ஆனால் கை தோளுக்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது. வீட்டுக்காரர்தான் தலை வாரிவிடுகிறார், வகிடு போகிற போக்கைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருக்கிறது. நெஞ்சுத் தோல் மரத்துக் கிடக்கிறது. ஆனால் இல்லாத மார்பு அரிக்கிறது, எங்கே போய்ச் சொறிவது? சுவரில் விரல்களை மெல்ல மேலே நடக்கவிட வேண்டும் என்று பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். நேற்று சுவிட்ச் வரைக்கும் ஏறின. இன்று அதற்குக் கீழேயே நின்றுவிட்டன. சுவரை நன்றாகத் திட்டினேன்.

அப்போதுதான் கடவாய் வந்தார். அவருக்குப் பின்னால் தங்கை, கையில் ஒரு டப்பாவோடு.

"எப்படிம்மா இருக்க? அட, முகமெல்லாம் தெளிஞ்சு போச்சே! ரெஸ்ட்டுன்னா சும்மாவா?" என்று உட்கார்ந்தார், நான் என்னவோ சுற்றுலா போய் வந்த மாதிரி. "பட்டறையில எல்லாரும் சேர்ந்து உனக்காக ஒண்ணு பண்ணியிருக்கோம். திறந்து பாரேன்."

திறந்தேன். உள்ளே இரண்டு மார்புகள். அச்சுக்கு நகல் எடுக்கிற சிலிக்கானில் வார்த்திருந்தார்கள். பட்டறையில் இருக்கும் ஒரே சதை நிறம் ஈறுக்குப் போடுவதுதான், அதையே கலந்திருந்தார்கள். பல் செட்டில் நிஜ ஈறு மாதிரி தெரிவதற்காகச் சேர்க்கும் சிவப்பு இழைகளைக்கூட விட்டுவைக்கவில்லை. மேலே பளபளவென்று மெருகு வேறு.

எனக்குச் சிரிப்புப் பீறிட்டது. சிரித்தால் தையல் போட்ட இடம் இழுத்து உயிர் போகும். இரண்டு கையாலும் நெஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "பல்லு மட்டும்தான் பாக்கி, அதையும் வெச்சிருக்கலாம்ல!" என்றேன். அப்புறம்தான் உறைத்தது. "ஆமா, அளவு எப்படிக் கிடைச்சுது?"

தங்கை தரையைப் பார்த்தாள். "உன் பழைய பாடி ஒண்ணு பீரோவுல இருந்துச்சு..."

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. என் உள்பாடியைப் பட்டறை மேஜையில் விரித்து, ஆளாளுக்குச் சுற்றி நின்று அளவு பார்த்திருக்கிறார்கள். எனக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது.

"யாருடி உன்னைக் கேட்டா? எனக்கு வேணும்னு சொன்னேனா நான்?"

"அவளை ஏம்மா திட்டற?" என்று கடவாய் குறுக்கே வந்தார். "எல்லாம் பாசத்துல பண்ணினது. நாலு பேர் முன்னாடி வர உனக்குக் கூச்சமா இருக்குமேன்னுதான். இதைப் போட்டுக்கிட்டு திங்கக்கிழமை வந்துடு. கையைத் தூக்கவே வேணாம், உட்கார்ந்த இடத்துலயே நிறத்தை மட்டும் பாரு. ஆர்டர் குவியற சீசன் இது, நீ இல்லாம அனுப்பின பல்லெல்லாம் திரும்பி வருது. ஜன்னலுக்குப் பெயின்ட் அடிச்ச மாதிரி இருக்குன்னு டாக்டருங்க என்னைக் காய்ச்சி எடுக்கிறாங்க."

"டாக்டர் சொன்ன நாள் இன்னும் முடியல சார்."

"அதெல்லாம் நோயாளிக்குச் சொல்றது. உனக்குத்தான் நோயே இல்லையே! உன் தங்கச்சியைப் பாரு, என்ன பக்குவம். பட்டறை நிலைமையைப் பார்த்து அவளே தேதியை வேணாம்னு சொல்லிட்டா."

"எந்தத் தேதி?" என்று கேட்டேனே தவிர, எந்தத் தேதி என்று எனக்குத் தெரியும்.

"தள்ளித்தான்க்கா போட்டிருக்கேன்," என்றாள் தங்கை. "நீ படுற பாட்டைப் பார்த்தா பயமா இருக்கு. ஒரே வீட்டுல ரெண்டு பேருக்கு லீவு குடுக்க முடியாதுன்னு சாரும் சொல்லிட்டார். எனக்குத்தான் இப்ப ஒண்ணும் இல்லையே."

எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே. அந்த ஆளின் பேச்சு இவள் வாயில் வருகிறது. கை மட்டும் சரியாக இருந்திருந்தால் டப்பா அப்படியே கடவாயின் தலையில் கவிழ்ந்திருக்கும்.

"சார், நான் சட்டையைக் கழட்டப் போறேன். வெளியில போறீங்களா, இல்ல உட்கார்ந்து பார்க்கிறீங்களா?"

அவர் எதற்குமே அவ்வளவு சுறுசுறுப்பாக எழுந்து நான் பார்த்ததில்லை. வாசலுக்குப் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். நான் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். இத்தனை நாளில் தங்கை இந்தப் பக்கம் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை, கட்டு மாற்றும்போதெல்லாம் சமையலறைக்கு ஓடிவிடுவாள். இப்போதும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"திறடி கண்ணை. என் பாடியை எடுத்து ஊருக்கெல்லாம் காட்டினல்ல, இதையும் பாரு."

பார்த்தாள். இந்த அக்குளிலிருந்து ஒரு கோடு, அந்த அக்குளிலிருந்து ஒரு கோடு. ஓரங்களில் தோல் சுருங்கி, கன்றிப்போய்க் கிடந்தது.

"வலிக்குதாக்கா?"

"வலிக்குது. அரிக்குது. புரண்டு படுக்க முடியல. உன்கிட்ட எதுக்குப் பொய் சொல்லணும்? அம்மாவுக்கு இப்ப எதுவுமே வலிக்கல. உனக்கு எது வேணும்னு நீயே சொல்லு."

அவள் கையை நீட்டி ஒரு கோட்டின் மேல் வைத்தாள். நகக்கண்ணெல்லாம் பிளாஸ்டர். அவள் தொட்டதை நான் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

வாசலிலிருந்து கடவாயின் குரல் வந்தது. "என்னம்மா முடிவு? ஒரே ஒரு சீசன்தானே! அதுக்கப்புறம் ரெண்டு பேரும் என்ன வேணா பண்ணிக்குங்க."

தங்கை எழுந்து வாசலுக்குப் போனாள். முகத்தைக்கூடத் துடைக்கவில்லை.

"டாக்டர்கிட்ட காட்டிட்டு வர்றேன்னு அம்மா லீவு கேட்டப்பவும் ஒரே ஒரு சீசன்னுதான் சார் சொன்னீங்க. நான் பக்கத்து மேஜையிலதான் உட்கார்ந்திருந்தேன்."

எனக்கு இது தெரியாது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இத்தனை வருஷமும் தெரியாது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். தங்கை கதவைச் சாத்திவிட்டு வந்து, என் போனை எடுத்து ஆஸ்பத்திரி நம்பரைத் தேட ஆரம்பித்தாள்.