அழாத பிள்ளை

துடக்கு வீடென்றால் தீட்டென்று எங்கள் ஒழுங்கையில் யாரும் படி ஏறமாட்டார்கள். பிள்ளை பிறந்து முப்பத்தொரு நாள் கழிய வேண்டும். அந்த நேரம் பார்த்து அம்மன் கோயிலிலும் திருவிழாவுக்குக் கொடியேறியிருந்ததால் எல்லாரும் விரதம். பக்கத்து வளவில் இருக்கும் வீட்டுக்காரி கனகம்மா மட்டும் எனக்குச் சோற்றை மதில்மேல் வைத்துவிட்டு அந்தப் பக்கம் நின்று இரண்டு கதை கதைப்பார். குற்றம் சொல்லக்கூடாது, நல்ல சோறு.

அம்மா நான் படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். தம்பலகாமத்திலிருந்து வந்து நின்ற அக்காவும் வயலில் யானை இறங்குகிறது என்று திரும்பிவிட்டாள். கணவர் கிருஷாந்துக்குக் கப்பலில் வேலை. திருகோணமலைத் துறைமுகத்துக்கு எத்தனையோ கப்பல் வருகிறது, அவருடையது மட்டும் வருவதில்லை. நானும் மகனும் தனியே கிடந்தோம்.

பிறந்ததிலிருந்து கத்தித் தீர்த்தவன் ஒரு நாள் திடீரென்று அடங்கினான்.

"என்ன பிரசாந்தினி, சத்தமே இல்லை? தாயை வருத்தாத தங்கமான பிள்ளை" என்றார் கனகம்மா. எனக்கும் புளுகமாக, சந்தோஷமாகத்தான் இருந்தது. என் வாழ்க்கையில் யாராவது என்னை வருத்தாமல் இருக்கிறார்களே என்று நினைத்தேன்.

விடிந்தும் அவன் பாலுக்கு எழும்பவில்லை. மார்பில் வைத்தால் உதடு பட்டதும் விட்டுவிட்டான். கிருஷாந்துக்கு அழைப்பு எடுத்தேன்.

"நித்திரை கொள்ளட்டும் விடும். அப்பாவை மாதிரிப் பொறுமைசாலி" என்றார், தேநீர் ஆறிவிட்டாலே கோபிக்கிற மனிதர். உடனே தொடர்பும் அறுந்துவிட்டது.

மதிலடியில் போய்ச் சொன்னேன்.

"உடம்பு சுடுதோ?" என்று கேட்டார் கனகம்மா.

"இல்லை."

"காய்ச்சல் இல்லாத பிள்ளைக்கு ஆஸ்பத்திரி எதுக்கு? பச்சைப் பிள்ளையை வெளியில கொண்டு திரியப்படாது."

நானும் அதை நம்பினேன். மத்தியானம் துணியை அவிழ்த்துப் பார்த்தபோது உடம்பு சில்லென்றிருந்தது. உள்ளங்காலைச் சுண்டினேன். கண்ணைப் பாதி திறந்து மூடிக்கொண்டான். பிறகு கிள்ளினேன், சிவக்கும்படி. அப்போதும் அழவில்லை. கூப்பிட்டால் வர அந்த வீட்டில் ஒரு ஆள் இல்லை. அவனை மார்போடு சுற்றிக்கொண்டு வெளிக்கிட்டேன்.

"கொடி ஏறியிருக்குப் பிள்ளை, துடக்கோட கோயிலடியால போகாதேயும்" என்றார் கனகம்மா.

"அப்ப அம்மனை ஒருக்கா அந்தப் பக்கம் திரும்பி இருக்கச் சொல்லுங்கோ" என்றேன். அந்த வாய் எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது.

சந்தியில் றுவைஸ் என்பவரின் ஓட்டோ நின்றது. "புள்ளய நெஞ்சோட அணைச்சுப் புடிங்க" என்றார். வேறு ஒன்றும் கேட்காமல் ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் தாதி அவனை வாங்கிய வேகத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது.

"காய்ச்சல் இல்லையெண்டு பாத்துக்கொண்டு இருந்தனீங்களோ?"

"ஓம்."

"இவ்வளவு சின்னப் பிள்ளைக்குக் கிருமி ஏறினால் சுடவும் செய்யும், குளிரவும் செய்யும். பால் குடியாமல், எழுப்பியும் எழும்பாமல் கிடந்தால் அதுவே போதும், ஓடி வரவேணும்." பிறகு என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "வந்திட்டீங்கள்தானே. இருங்கோ" என்றார்.

இரத்தத்தில் கிருமி என்றார்கள். ஊசிமேல் ஊசி போட்டார்கள். அவன் மரக்கட்டை மாதிரிக் கிடந்தான். கட்டிலருகே கதிரையில் இருந்து, கேட்ட கடவுளையெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

பிறகு ஒரு காலையில் ஊசி ஏறியதும் வாயைப் பிளந்து கத்தினான். வார்டே திரும்பிப் பார்த்தது. மருந்து போட்டு முடிந்த பிறகும் அவன் நிறுத்தவில்லை. பக்கத்துக் கட்டில் உம்மு குல்சும் அக்கா எட்டிப் பார்த்தார்.

"புள்ளய அமத்துங்க தங்கச்சி, தொண்ட கட்டிரும்."

நான் அவனை மார்போடு சேர்த்துக்கொண்டேன்.

"கொஞ்சம் அழட்டும் அக்கா. இந்த ஊரில என்னோட கதைக்க இவன் ஒருத்தன்தான் இருக்கிறான்."