நானூற்றிலிருந்து

ஃபிர்தௌஸ் மவுஸால் விண்டோவின் மூலையைப் பிடித்து இழுத்தாள். உள்ளேயிருந்த படத்தின் மூன்று கம்பங்களும் கூடவே வளர்ந்தன. சுருக்கினால் சேர்ந்தே குறுகின. கும்மிடிப்பூண்டி போல்ட் கம்பெனியில் சேர்ந்த ஆறு மாதத்தில் விஷுவல் பேசிக்கில் அவள் எழுதிய முதல் புரோகிராம். உற்பத்தி லைனுக்கு ஒரு கம்பம், அந்த லைன் ஒரு நாளைக்கு எத்தனை பெட்டி போல்ட் கட்டுகிறது என்று சொல்லும். 460, 452, 412.

முதலில் பூஜ்யத்திலிருந்துதான் வரைந்தாள். மூன்றும் ஏறக்குறைய ஒரே உயரத்தில், பிரேயரில் நிற்கிற பிள்ளைகள் மாதிரி நின்றன. பார்க்கச் சகிக்கவில்லை. அவள் பழவேற்காட்டு ஜவுளிக்கடைக்காரர் ஹனீபின் மகள். பேரத்தில் இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட தொகையைப் பற்றி எவனாவது வாயைத் திறப்பானா? மல்லுக்கட்டெல்லாம் மிச்சத்துக்குத்தான். எல்லா லைனும் தாண்டிவிட்ட நானூற்றை எதற்குக் காட்டுவது? வெட்டினாள். கம்பங்கள் நானூற்றிலிருந்து கிளம்பின. மூன்றாவது மட்டும் கட்டைவிரலாய்ச் சிறுத்தது. படத்துக்குக் களை வந்துவிட்டது.

மேனேஜர் துளசிராமன் விண்டோவைத் திரை முழுக்க இழுத்துப் பார்த்தார். "மூணாவது லைன் இன்னாம்மா, படுத்துகினு கீது?"

படம் நானூற்றிலிருந்து ஆரம்பிக்கிறது என்று சொல்ல வாயெடுத்தாள்.

"சூப்பர்மா. மொதலாளிக்கே காட்டணும்."

வாங்க வந்தவர் மெச்சும்போது சரக்கில் சொட்டை சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

திங்கட்கிழமை நோட்டீஸ் ஒட்டினார்கள். மூன்றாவது லைன் மூடல். முப்பத்திரண்டு பேருக்கு நாளையிலிருந்து வேலை இல்லை. பூஜ்யத்திலிருந்து வரைந்த படத்தை எடுத்துக்கொண்டு துளசிராமனிடம் ஓடினாள்.

"இதுல இன்னா தெரியுது? எல்லாம் ஒண்ணாத்தான கீது. பழசயே வையி. மொதலாளி கையெழுத்தும் ஆயிப்போச்சு."

மத்தியானம் சாராள் வந்தாள். மூன்றாவது லைனில் ஒன்பது வருடமாகப் பெட்டி கட்டுகிறவள். தினமும் கவரைப்பேட்டையில் ரயில் ஏறுவாள். முந்தின ஸ்டேஷன் பொன்னேரியிலேயே ஏறிவிடும் ஃபிர்தௌஸ் பையை வைத்து அவளுக்கு இடம் பிடித்திருப்பாள்.

"இன்னாமோ படம் போட்டியாமே பாப்பா. எங்குளுது எது?"

ஃபிர்தௌஸ் கட்டைவிரல் கம்பத்தைத் தொட்டுக் காட்டினாள். "கீழ நானூறு பொட்டிய வெட்டிட்டேன்க்கா. நான்தான்."

சாராள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"அந்த நானூறும் நாங்க கட்னதுதான? அத்த எங்க வச்ச?"

சாராளே மவுஸை வாங்கி, விண்டோவின் மூலையைப் பிடித்து இழுத்தாள். கட்டைவிரல் வளர்ந்தது. பக்கத்துக் கம்பங்களும் அதைவிட வளர்ந்தன.

"இன்னும் இழுக்கலாமா?"

அம்பு திரையின் ஓரத்தில் முட்டி நின்றது. மவுஸ் மேஜை விளிம்புக்கு வந்திருந்தது. சாராள் இழுத்துக்கொண்டேயிருந்தாள்.