லக்ஸனின் பெயரில் ஒரு தொய்வு

“நீ சொல்லாட்டி நான் சொல்லுவன், பிறேமா. நாளைக்கு அவனோட நானும் போய்…”

“என்னத்தைச் சொல்லுவீங்கள்? என்ர தங்கச்சி கள்ளி எண்டோ?”

“…அது என்ர பிள்ளைக்கு வந்த தொய்வு இல்லை, தங்கச்சியின்ர பிள்ளைக்கு…”

“மெல்லமாக் கதையுங்கோ அக்கா! கீழ்வீட்டுக்காரிக்குக் கேக்கப்போகுது!”

“அவளுக்குத் தமிழ் விளங்குமே?”

“பேர் விளங்கும்தானே! நிலக்ஷன் எண்ட பேர் விளங்கும்தானே!”

அக்கா இமெல்டா கீழே காது கொடுத்தாள். கீழ்வீட்டில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. யாரும் எதையும் கேட்கவில்லை. ஆனாலும் பிறேமா எழுந்துபோய்க் குசினி யன்னலை இறுக்கிச் சாத்திவிட்டு வந்தாள்.

அவள் காலை ரயிலில் ஹம் நகரிலிருந்து பிராங்பேர்ட்டுக்கு வந்திருந்தாள். “போனில ஒண்டும் கதையாதையுங்கோ, நான் நேர வாறன்” என்று சொன்னவள், வரும்போது ஒரு பை செத்தல் மிளகாயையும் கொண்டுவந்தாள். தமிழ்க்கடையில் நல்லதாக வந்திருந்ததாம். பயம் வந்தால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. தாச்சியை அடுப்பில் வைத்து மிளகாயைக் கொட்டி வறுக்கத் தொடங்கியிருந்தாள், தூள் இடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று. இரண்டு பேரின் சண்டையும் அந்தத் தாச்சியைச் சுற்றித்தான் நடந்தது.

விஷயம் பழையது. பிறேமாவின் முதல் அகதி வழக்கு நிராகரிக்கப்பட்ட காலம். நாட்டை விட்டுப் போ என்று கடிதம் வந்தபின் அவள் போகவில்லை. பொடியனையும் தூக்கிக்கொண்டு வந்து அக்காவின் வீட்டில் ஒளித்திருந்தாள். நிலக்ஷனுக்கு அப்போது ஐந்து வயது. குளிர் தொடங்கினால் அவனுக்குத் தொய்வும் தொடங்கிவிடும். மூச்சை இழுத்து இழுத்து உதடு நீலம் பாரிக்கும். ஒளித்திருக்கிற பிள்ளைக்கு மருத்துவக் காப்புறுதி ஏது? இமெல்டாவின் புருஷன் அம்புறோஸ் விமான நிலையத்தில் துப்புரவு வேலை செய்தார். அவருடைய குடும்பத்துக்குக் காப்புறுதி இருந்தது. மகன் லக்ஸனின் பெயரில் ஒரு அட்டை இருந்தது. அந்தக் காலத்து அட்டையில் படம் இல்லை.

“வெள்ளைக்காரருக்கு எங்கட பிள்ளையள் எல்லாம் ஒரே முகம்தான்,” என்றார் அம்புறோஸ். “கொண்டு போய்க் காட்டு. உன்ர தங்கச்சியின்ர பிள்ளை உன்ர பிள்ளை இல்லையே?”

கொண்டுபோய்க் காட்டினாள். ட்ராமில் வைத்து, “கேட்டால் உன்ர பேர் என்ன?” என்று கேட்பாள். “லக்ஸன்” என்பான் நிலக்ஷன். கெட்டிக்காரப் பிள்ளை, ஒருநாளும் பிழைவிடவில்லை. உண்மையான லக்ஸனுக்குத் தடிமன் வந்தால் கொத்தமல்லி அவித்துக் கொடுத்துச் சமாளித்தாள். பிறகு பிறேமாவுக்கு விசா கிடைத்து ஹம்முக்குப் போனாள். அதற்குப் பின் லக்ஸனை அதே மருத்துவரிடம் கூட்டிப்போனபோது அவர் அவன் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்து ஆச்சரியப்பட்டார். “முற்றாகச் சுகமாகிவிட்டதே!”

“வளர வளரப் போயிட்டுது,” என்றாள் இமெல்டா தனக்குத் தெரிந்த ஜேர்மன் மொழியில். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லி மூன்று பேரும் வயிறு நோகச் சிரித்தார்கள். அம்புறோஸ் இப்போது இல்லை. சிரித்த மற்ற இருவரும்தான் இந்தக் குசினியில் நிற்கிறார்கள்.

“அக்கா, யோசிச்சுப் பாருங்கோ. ரெண்டாம் வழக்கில நான் என்ன எழுதிக் குடுத்தனான்? ஊருக்குத் திரும்பிப் போய், கொழும்பில பிடிபட்டு, அடிவாங்கி, திரும்ப வந்தனெண்டு. எல்லாரும் அப்பிடித்தான் எழுதினவை. அதுக்குத்தானே விசா தந்தவங்கள். அந்த நேரம் என்ர பிள்ளை இஞ்சை டொக்டரிட்டைப் போய் வந்தவன் எண்டு தெரிஞ்சால்?”

“எத்தினை வருசமாச்சு பிறேமா. இனி ஆர் உதைக் கிண்டப்போறாங்கள்?”

“லக்ஸன்ர சின்ன வயசைக் கிண்டினவங்கள்தானே? அதைவிடப் பழசோ என்ர கதை?”



“ஒரு வக்கீலிட்டைக் கேப்பம்.”

“கேட்டால் சொன்ன மாதிரித்தான். பாஸ்போட்டைப் பறிச்சால் என்ர மட்டுமே போகும்? நிலக்ஷன்ரயும் போகும். அவன்ர பிள்ளைக்கு இப்பதான் மூண்டு மாசம். அந்தக் குஞ்சையும் தூக்கிக்கொண்டு நாங்கள் எங்கை போறது? திரும்பவும் உங்கட வீட்டுக்கோ?”

“என்ர பிள்ளைக்கு மூச்சு விடேலாமல் கிடக்கு.”

“தெரியும்.”

“தெரியாது உனக்கு. நீ கேக்கேல்லை. படியில அவன் வாற சத்தத்தை நீ கேக்கேல்லை.”

லக்ஸன் ஜேர்மன் இராணுவத்தில் சேர்ந்தபோது தமிழ்ப் பூசைக்கு வந்த சனம் சிரித்தது. ஆமிக்குப் பயந்து ஓடிவந்தவையின்ர பிள்ளை ஆமியிலயோ என்று கேட்டது. அவனை ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பினார்கள். முகாமின் ஓரத்தில் ஒரு பெரிய கிடங்கு. பிளாஸ்ரிக், ரயர், பெயின்ற் வாளி, பற்றரி, ஆஸ்பத்திரிக் கழிவு எல்லாவற்றையும் அதில் போட்டு எரிப்பார்கள். புகை போகிற பக்கத்தில்தான் அவனுடைய காவல் கொட்டில். “அம்மா, எப்ப பாத்தாலும் ஒரே குப்பை மணம்” என்று போனில் சிரித்துக்கொண்டு சொல்லுவான். குண்டைப் பற்றித்தான் இமெல்டா பயந்தாள். குப்பை மணத்துக்கு யார் பயப்படுவார்?

இப்போது அவனுடைய நுரையீரலின் சிறிய குழாய்கள் தழும்பாகிச் சுருங்கிப்போயின. ஆறாது என்று சொல்லிவிட்டார்கள். சேவையில் வந்த பாதிப்பு என்று ஏற்கும்படி விண்ணப்பம் போட்டான். சின்ன வயதில் பார்த்த மருத்துவர் யார் என்று அதில் ஒரு கேள்வி. மறைக்க என்ன இருக்கிறது என்று அவனே பெயரை எழுதிக் கொடுத்தான். அந்த மருத்துவரின் கிளினிக்கை இப்போது நடத்துகிற அவருடைய மகள் பழைய பதிவுகளை எறியாமல் வைத்திருந்தாள். போன கிழமை விண்ணப்பத்தை மறுத்து முடிவு வந்தது. நோய் சிறு வயதிலேயே இருந்திருக்கிறது, இராணுவத்தில் சேரும்போது விண்ணப்பதாரர் அதை மறைத்திருக்கிறார் என்று. ஆட்சேபம் இருந்தால் நேரில் வந்து சொல்லலாமாம்.

கீழ்வாசல் மணி அடித்தது.

“அவன்தான்,” என்றாள் இமெல்டா. கதவைத் திறக்கிற பொத்தானை அமத்தினாள்.

மூன்றாம் மாடி. லிஃப்ற் இல்லை. பிறேமா அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“சொல்லமாட்டன் எண்டு சொல்லுங்கோ.”

“விடு.”

“மடு மாதாவைப் பாத்துச் சொல்லுங்கோ அக்கா. அந்தா நிக்கிறா.” குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே மாதாவின் படம் இருந்தது.

“மாதாவை உதுக்குள்ளை இழுக்காதை.”

“கெஞ்சிக் கேக்கிறன்.”

“உஷ்!”

படியில் காலடிச் சத்தம் வந்தது. பிறகு நின்றது. இமெல்டா கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முதலாம் மாடியில் நிற்கிறான். யாராவது பார்த்தால் தொலைபேசியைப் பார்ப்பதுபோல் நிற்பான். அந்த இடைவெளி நீளமாக இருந்தது. போன மாதம் இவ்வளவு நீளம் இல்லை. பிறேமாவின் நகம் தோலில் பதிந்தது. திரும்பவும் காலடி. திரும்பவும் நின்றது. வெறும் மூச்சுச் சத்தம் மட்டும், மரத்தை அரத்தால் ராவுவதுபோல, மேலே வந்தது.

“கேக்குதோ?” என்றாள் இமெல்டா.

பிறேமா கையை எடுத்தாள்.

லக்ஸன் குசினிக்குள் வந்து முதலில் கதிரையில் இருந்தான். பிறகுதான் சிரித்தான்.

“சித்தி! எப்ப வந்தனீங்கள்? நிலக்ஷன்ர குட்டி என்ன செய்யுது?”

“இரவில நித்திரை இல்லை, பகலில நித்திரை. நீ என்னடா, எலும்பாப் போனாய்?”

“அம்மான்ர சமையல் அப்பிடி.”

“வாய்க்கொழுப்பு மட்டும் குறையேல்லை,” என்றாள் இமெல்டா. அவள் குரல் அவளுக்கே வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது.

“அம்மா, நாளைக்கு ஒஃபிசில ரெர்மின், நேர வரச்சொன்னவை. என்ர விண்ணப்பத்தைப் பாக்கிற அந்த மனிசி ஒண்டுதான் கேட்டவ. அம்மாவிட்டைக் கேட்டுக்கொண்டு வாங்கோ, அவவுக்குத்தான் தெரியும் எண்டு.” அவன் இடையில் நிறுத்தி மூச்சு வாங்கினான். “எனக்குச் சின்னனில ஆஸ்துமா இருந்ததோ?”

இமெல்டா மேசை விரிப்பின் மடிப்பைத் தடவி நேராக்கினாள். இரண்டு பிள்ளைகளின் முகமும் அவள் கண்ணுக்குள் வந்தது. ஒன்றின் கையைப் பிடித்தால் மற்றது கீழே விழும்.

“ஓம் தம்பி,” என்றாள் பிறேமா. “இருந்தது.”

“உண்மையாவோ?”

“ஓம். கடுமையா இருந்தது. பிறகு மாறியிட்டுது.”

லக்ஸன் அம்மாவைப் பார்த்தான். அம்மா தங்கச்சியைப் பார்த்தாள்.

“எனக்கு ஏன் ஒண்டும் ஞாபகம் இல்லை? …இல்லை, ஒண்டு இருக்கு. நீங்கள் எங்களோட இருந்த நேரம், நானும் நிலக்ஷனும் ஒரே கட்டில்தானே. இருட்டில ஒரு சத்தம் வரும். விசில் மாதிரி. எனக்குச் சரியான பயம். போர்வையைத் தலைக்கு மேல இழுத்துப்போடுவன். அது பேய் எண்டு நினைச்சன். கடைசியில அது நானோ?”

“நீதான்.”

“நிலக்ஷனிட்டையும் ஒருக்கா கேக்கட்டே? பக்கத்தில படுத்தவன், அவனுக்கு…”

“வேண்டாம்!” பிறேமாவின் குரல் வெடித்து வந்தது. உடனே அதைத் தணித்தாள். “அவனை ஏன் கரைச்சல்படுத்துறாய்? அவனும் சின்னப்பிள்ளைதானே அப்ப.”

“சரி, சரி.” லக்ஸன் தலை குனிந்தான். “அப்ப அவங்கள் எழுதினது சரிதான். நான் பொய்க்காரன்தான். ஆமிக்குப் போகேக்க, ஒரு வருத்தமும் இல்லை எண்டு கையெழுத்து வைச்சனான். நாளைக்குப் போய் எல்லாத்தையும் திருப்பி எடுக்கிறன். போதும் அம்மா. எனக்கும் களைச்சுப் போச்சு.”

“லக்ஸன்,” என்றாள் இமெல்டா. “இஞ்சை பார். நான் உனக்கு ஒண்டு…”

“அக்கா!”

“நீ சும்மா இரு. லக்ஸன், அது வந்து…”

அவன் இருமினான். இமெல்டா நிறுத்தினாள். அவன் திரும்பவும் இருமினான். அப்போதுதான் அவளுடைய தொண்டையிலும் நெருப்புப் பட்டது. அவள் திரும்பிப் பார்த்தாள். தாச்சியில் மிளகாய் முழுவதும் கருகிக் கிடந்தது. புகை கூரையில் முட்டி இறங்கிக்கொண்டிருந்தது. மகனுக்கு வருத்தம் வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் மிளகாய் வறுப்பதில்லை. கடையில் தூள் வாங்குவாள், கறி தாளிக்கும்போதுகூட யன்னலைத் திறந்துவிடுவாள். இன்றைக்கு அவளுடைய காது முழுவதும் தங்கச்சியின் வாயில் இருந்தது. மூக்கை மறந்துபோனாள்.

“ஐயோ மாதாவே!”

லக்ஸன் மேசையைப் பிடித்துக்கொண்டு எழும்பப் பார்த்தான். வாய் திறந்திருந்தது. காற்று உள்ளே போகவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. அந்தச் சத்தம் வந்தது, விசில் போல.

இமெல்டா ஓடிப்போய்த் தண்ணீர் வார்த்தாள். முதுகில் தட்டினாள். “குடி ராசா, குடி, குடி…”

“தண்ணி குடுக்காதையுங்கோ! தட்டாதையுங்கோ!” பிறேமா ஒரு கையால் அடுப்பை நிற்பாட்டி, மறுகையால் பல்கனிக் கதவைத் திறந்து தாச்சியை வெளியே தள்ளி, யன்னலையும் திறந்தாள். வந்தவள் அவனைக் கதிரையில் இருத்தி முன்னால் சாய்த்தாள். இரண்டு முழங்கையையும் மேசையில் ஊன்றவைத்தாள். “பொக்கெற்றிலையோ பம்ப்? இடப்பக்கமோ?” எடுத்தாள், குலுக்கினாள், ஒருதரம் காற்றில் அடித்துப் பார்த்தாள், அவன் வாயில் வைத்தாள். “இப்ப இழு. பிடிச்சு வைச்சிரு. விடு. உள்ளுக்கு எடுக்கிறதைப் பற்றி யோசியாதை குஞ்சு. வெளியில விடு. உதட்டைக் குவி. மெழுகுதிரி ஊதுற மாதிரி. அணையப்படாது, ஆடவேணும், அவ்வளவுதான். ஓம். அப்பிடித்தான். பயப்பிடாதை, நான் பக்கத்தில இருக்கிறன்.”

அவளுடைய உள்ளங்கை அவன் முதுகில் கீழிருந்து மேலே, மெதுவாக, ஒரே தாளத்தில் ஏறி இறங்கியது. வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. அந்தக் கைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எத்தனையோ இரவுகள் இதைச் செய்த கை.

இமெல்டா தண்ணீர்க் கோப்பையுடன் சுவரோடு நின்றாள். என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

குளிர்காற்று உள்ளே வந்து புகையைக் கலைத்தது. சத்தம் மெல்ல மெல்லக் குறைந்தது. லக்ஸன் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். கண் சிவந்து நீர் வழிந்தது. முதலில் சுவரோடு நின்ற அம்மாவைப் பார்த்தான். அவள் கையில் இருந்த தண்ணீர்க் கோப்பையைப் பார்த்தான். பிறகு திரும்பி, தன் முதுகில் இன்னமும் ஏறி இறங்கிக்கொண்டிருந்த சித்தியின் கையைப் பார்த்தான். பிறேமாவும் அப்போதுதான் அந்தக் கையைக் கண்டாள்போல. அது பாதியில் நின்றது.

“சித்தி,” என்றான், மூச்சுக்கும் மூச்சுக்கும் இடையில். “அந்தக் கட்டிலில மூச்சு இழுத்தது நானோ, நிலக்ஷனோ?”