அண்டாவுக்குப் பக்கத்து மேஜை

உழைப்பையும் இல்லறத்தையும் ஒரே கூரையின்கீழ் மோதவிடாமல் நடத்திக் காட்டிய மனிதர்கள் உலக வரலாற்றில் மிகச் சிலரே. அவர்களில் ஒருவன் கர்நாடகத்தில் சிர்சிக்கு மேற்கே பன்னிரண்டு கிலோமீட்டரில், பாக்குத் தோப்புக்கு நடுவே ஓர் ஓட்டு வீட்டில், வெந்நீர் அண்டாவுக்கும் சோப்பு மாடத்துக்கும் இடையில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தான். பெயர் ஸ்ரீபாத ஹெக்டே. வயது முப்பத்தொன்பது. பெங்களூர்க் கம்பெனி ஒன்றில் பதினான்கு பேருக்குத் தலைவன்.

வீட்டில் எட்டு அறைகள் இருந்தன. சிக்னல் இருந்தது குளியல் கொட்டிலில் மட்டும்தான். அண்டா அடுப்பின் புகை போவதற்காகக் கூரையில் விட்டிருந்த இடைவெளி, எதிர்க்குன்றில் நின்ற கோபுரத்தை நேருக்கு நேர் பார்த்தது. கேபிள் இழுக்க வந்தவர்கள் ஆறு கம்பம் நட்டுவிட்டு, ஏழாவதை எடுத்து வருகிறோம் என்று போய் மூன்று மழைக்காலம் கழிந்துவிட்டது. ஆகவே நான்கு வருஷமாக அவனுடைய அலுவலகம் அதுதான். லேப்டாப் திரையில் பார்ப்பவர்களுக்கு அவனுக்குப் பின்னால் கனமான புத்தகங்கள் அடுக்கிய தேக்கு அலமாரி தெரியும். அது கம்ப்யூட்டர் கொடுத்த படம். உண்மையில் பின்னால் இருந்தவை ஒரு செப்பு அண்டா, பாக்கு மட்டைக் குவியல், நான்கு துண்டுகள், கூரையோரம் மூங்கில் கழியில் காயும் மடித்துணி.

ஏப்ரலிலிருந்து எல்லோரும் பெங்களூருக்குத் திரும்ப வேண்டும் என்று புதிய மேலதிகாரி ரீமா சைகியா உத்தரவு போட்டிருந்தாள். வீட்டிலிருந்தே வேலை செய்ய விரும்புகிறவர்கள் பதினைந்து நிமிஷத்தில் தங்கள் நியாயத்தைச் சொல்லலாம். ஸ்ரீபாதனுக்கு வெள்ளிக்கிழமை பதினொரு மணி கிடைத்தது. அவள் மறுத்துவிட்டால் என்ன ஆகும் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். ஐந்து வருஷம் அந்த வாழ்க்கையை வாழ்ந்தவன்தான். மூன்று பேர் தங்கும் அறையில் ஒரு கட்டில், சனிக்கிழமை காலை சிர்சி பஸ் ஸ்டாண்டு, ஞாயிறு மத்தியானமே மூட்டை கட்டும் முகம். மகள் ஸ்பந்தனாவுக்கு அப்போது ஒன்றரை வயது. ‘அப்பா எங்கே’ என்று யாராவது கேட்டால் ஓடிப்போய் போனை எடுத்துக் கவிழ்த்து, அதன் முதுகில் தேடுவாள்.

புதனும் வியாழனும் விழித்திருந்த நேரமெல்லாம் அவன் தயாரித்தான். ‘வீடே அலுவலகம்: ஐந்து கொள்கைகள்’. முதல் கொள்கை, காலை ஒன்பது மணிக்குள் குளித்து உடுத்தி, வெளியே வேலைக்குப் போகிறவனைப் போலவே மேஜைக்கு வருதல். இரண்டாவது, பணியிடத்தை முறையான ஆய்வுக்குப் பின் தேர்ந்தெடுத்தல். ஆய்வை நடத்தியவள் அவன் மனைவி நாகவேணி.

“தலைக்கு ஊத்திக்கிட்டிருக்கேன், மாடத்துல வச்ச போன்ல எங்க அக்கா வீடியோல வந்து நிக்கறா. அன்னிக்கு நான் போட்ட கூச்சல் தோப்புக் கடைசி வரைக்கும் கேட்டுச்சே, உங்களுக்கு ஞாபகம் இல்லையா?” என்றாள், ஒத்திகையைக் கதவுக்கு வெளியிலிருந்து கேட்டுவிட்டு.

இந்த வரலாறு கொள்கையில் இடம்பெறவில்லை. மூன்றாவது கொள்கை, குடும்பத்தினருக்கு எல்லைகளைப் புரியவைத்தல். நான்கும் ஐந்தும் கால நிர்வாகம் பற்றியவை. மிகவும் நீளமானவை.

சிக்கல் என்னவென்றால் அந்த வெள்ளிக்கிழமை பௌர்ணமி. ஸ்ரீபாதன் ஊர் திரும்பிய மாதத்துப் பௌர்ணமியில் நாகவேணி வருஷா வருஷம் சத்யநாராயண பூஜை வைப்பாள். புருஷன் வீட்டோடு இருப்பதற்கு நன்றி. அந்த நன்றி அவளுக்கு எப்போதும் இருந்தது என்று சொல்ல முடியாது. வருஷத்தில் அந்த ஒரு நாள் நிச்சயமாக இருந்தது.

“பதினொண்ணுக்கு எனக்கு மீட்டிங்,” என்றான் ஸ்ரீபாதன்.

“பௌர்ணமிய தள்ளி வைக்க யாருக்கு மெயில் போடறதுன்னு சொல்லுங்க, போட்டுடறேன்.”

கடைசியில் பூஜை பன்னிரண்டு மணிக்கு என்று ஒப்பந்தம் ஆயிற்று. ஆனால் புரோகிதர் கஜானன பட்டர் பத்தரைக்கே வந்துவிட்டார். அறுபத்தெட்டு வயது. பஸ்ஸில் பத்துப் பேரை இடித்துக்கொண்டு வந்தவர் குளிக்காமல் பூஜைச் சாமானைத் தொடமாட்டார். அந்தப் பக்கத்து வீடுகளில் யார் வந்தாலும் முதல் வார்த்தை ‘குளிக்கறீங்களா, வெந்நீர் தயாரா இருக்கு’ என்பதுதான். ஸ்ரீபாதனின் அப்பா சுப்ராய ஹெக்டே நான்கு வருஷமாகப் பகல் விருந்தாளிகளிடம் அந்த வார்த்தையைச் சொல்ல முடியாமல் இருந்தார். இன்றும் வாசலில் நின்று கஷாய டம்ளரை நீட்டினார். அதோடு முகத்தையும் திருப்பிக்கொண்டார்.

“என்ன ஹெக்டேரே, உங்க வீட்டுல வெந்நீர் வேணும்னா பெங்களூர்ல உத்தரவு வாங்கணுமாமே. பஸ்ல பேசிக்கிட்டாங்க,” என்றார் பட்டர்.

“இன்னிக்கு ஒரு நாள் கிணத்தடியில... பையனோட விஷயம் கொஞ்சம் பெரிசு.”

“அதுக்கென்ன. எங்கப்பா ஆயுசுக்கும் கிணத்துலதான் குளிச்சார். குளிர் ஜுரத்துலதான் போனார், அது வேற விஷயம்.”

பதினொரு மணிக்கு ரீமா சைகியா திரையில் வந்தாள். கண்ணாடி, குட்டை முடி, சிரிப்பு இல்லை. ஸ்ரீபாதன் கஞ்சி போட்டுத் தேய்த்த நீலச் சட்டையில் கம்பீரமாக ஆரம்பித்தான். முதல் கொள்கையில் அவள் எதையோ குறித்துக்கொண்டாள். இரண்டாவதில் ‘ஆய்வு எவ்வளவு நாள் நடந்தது’ என்றாள். ‘கணிசமான காலம்’ என்றான். மூன்றாவது கொள்கையின் தலைப்பு திரையில் விரிந்தபோது கொட்டில் கதவு முனகிக்கொண்டு திறந்தது.

பட்டர். இடுப்பில் ஈரத் துண்டு, கையில் நீளமான கோல். அவர் உடுத்த வேண்டிய மடி வேட்டியை நாகவேணி அதிகாலையிலேயே துவைத்து, அண்டாவின் சூட்டில் சீக்கிரம் காயட்டும் என்று மூங்கில் கழியில் போட்டிருந்தாள். குளித்தவர்தான் அதைத் தொடலாம், ஆகவே அவரே வந்தார். கேமராவில் விழாமல் இருக்க முதுகை வளைத்து, மேஜைக்கும் அண்டாவுக்கும் இடையில் நுழைந்தார்.

“எம்மேல பட்டுடாதே. குளிச்சிட்டே இல்ல?” என்று காதருகில் கிசுகிசுத்தார்.

ஸ்ரீபாதன் எல்லைகளின் முக்கியத்துவம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். வாயை நிறுத்தாமல் தலையை மட்டும் ஆட்டினான்.

“அப்ப சரி.” பட்டர் அவன் தோளில் இடது கையை ஊன்றிக்கொண்டு அடுப்புத் திட்டில் ஏறினார். வலது கையால் கோலை உயர்த்தினார்.

“ஒரு நிமிஷம் ஹெக்டே,” என்றாள் சைகியா. “உங்க புத்தக அலமாரியிலேர்ந்து ஒரு கை வருது.”

அவனும் பார்த்தான். தடித்த புத்தக வரிசைக்கு நடுவிலிருந்து ஒரு முழங்கை முளைத்திருந்தது. அதன் நுனியில் கோல். பிறகு கையைக் காணவில்லை, ஒரு குடுமி மட்டும் தெரிந்தது. சிக்னல் கோளாறு என்று சொல்ல அவன் வாயைத் திறந்துவிட்டான். அப்போதுதான் தோளில் ஊன்றிய கை நடுங்குவது தெரிந்தது. தலைக்கு மேலே பட்டரின் பற்கள் கிட்டிக்கிற சத்தம், சின்னதாக, ஒழுங்கான தாளத்தில். ஜனவரி மாதத்துக் கிணற்றுத் தண்ணீர்.

அவன் அலமாரிப் படத்தை அணைத்தான்.

அண்டா வந்தது. துண்டுகள் வந்தன. வேட்டியைக் கோலில் சுருட்டியபடி, ஈரத் துண்டோடு திட்டின்மேல் நின்ற பட்டர் முழுசாக வந்தார்.

“இது எங்க வீட்டுக் குளியல் கொட்டில், மேடம். இங்க மட்டும்தான் சிக்னல். இவர் எங்க புரோகிதர். நான் இங்க உக்காந்திருக்கறதால கிணத்துல குளிச்சிட்டு வந்திருக்கார்.”

சைகியா கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டாள். “உங்க வேலைக்காக வேற யாரெல்லாம் குளியல மாத்திக்கிட்டாங்க?” என்றாள்.

இது அவன் தயாரித்த கேள்விகளில் இல்லை. யோசித்து யோசித்துச் சொன்னான். அப்பா பத்து மணிக்கு, தோப்பைச் சுற்றிவிட்டு வந்து, ஒரு மணி நேரம் பாட்டுப் பாடிக் குளிக்கிறவர். இப்போது காலை ஐந்துக்கு, பாட்டில்லாமல். மகள் பள்ளிக்கூடம் போகுமுன் பத்து நிமிஷத்தில் தலைக்குக் குளிக்கக் கற்றுக்கொண்டாள். தரையில் உரசி ஓசை வராமல் இருக்கத் தவலைக்கு அடியில் சாக்கு போட்டதும் அவள்தான். நாகவேணி எட்டரைக்கு அடுப்பை அவித்து, தரையைத் துடைத்து, புகை அடங்க வேப்பிலையால் விசிறி, பிறகு மேஜையைப் போடுவாள். பாக்கு உரிக்க வரும் பெண்கள் இந்தச் சுவருக்கு அப்பால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டு இருந்தவர்கள். மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டார்கள். யாரும் அவனிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. சொல்லச் சொல்ல அவனுக்கே கூச்சமாக இருந்தது. எல்லை எல்லை என்று தான் வகுத்ததாக நினைத்ததெல்லாம் இவர்கள் நகர்ந்து கொடுத்த இடம். மேஜையைக்கூட அவன் ஒரு நாளும் தூக்கியதில்லை.

“அஞ்சு கொள்கையில இவங்க யாருமே வரலையே,” என்றாள் சைகியா.

“இல்ல, மேடம்.”

“ஏன்?”

“எழுதும்போது தோணல.”

அவள் எதையோ குறித்துக்கொண்டாள். “திங்கக்கிழமை சொல்றேன். அது வரைக்கும் மேஜைய எடுத்துடாதீங்க. இப்ப அந்தப் பெரியவருக்குச் சூடா ஏதாவது குடுங்க.” பதினைந்து நிமிஷத்தில் இன்னும் இரண்டு நிமிஷம் பாக்கி இருந்தது. திரை அணைந்தது.

“நல்ல பொண்ணு,” என்றார் பட்டர், திட்டிலிருந்து இறங்கியபடி. “கல்யாணம் ஆயிடுச்சாமா?”

அடுக்களை வாசலில் நாகவேணி பட்டுப்புடவையில் காத்திருந்தாள். நடந்ததை அவன் சொன்னான். அவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள்.

“என்னப் பத்தி என்ன சொன்னீங்க?”

“தினமும் மேஜை போடறது நீதான்னு. சிக்னல் கண்டுபிடிச்சதும் நீதான்னு.”

“எப்படிக் கண்டுபிடிச்சேன்னுமா?”

“அதச் சொல்லல.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண் ஓரத்தைப் புடவைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டாள். பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். நான்கு வருஷத்தில் அவளிடம் நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை என்பது அவனுக்கு அப்போது நினைவு வந்தது. சொன்னான். “உள்ள வாங்க, நேரமாச்சு,” என்றாள் அவள்.

கூடத்தில் விளக்கு எரிந்தது. ஸ்பந்தனா கோலத்தில் கால் படாமல் தாண்டிப் போய்த் தாத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கலசத்துக்கு முன்னால் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் இரண்டு பலகைகள். சூடான கஷாயம் உள்ளே போனதில் பட்டரின் முகம் தெளிந்திருந்தது.

“வா தம்பி, பலகையில உக்காரு. உனக்காகத்தான் எல்லாரும் காத்துக்கிட்டிருக்கோம்,” என்றார்.

நாகவேணி உட்கார்ந்துவிட்டாள். ஸ்ரீபாதன் நிலைப்படியிலேயே நின்றான். பட்டர் கையை ஊன்றிய தோளில் சட்டை இன்னும் ஈரமாக இருந்தது. குளியல் கொட்டிலிலிருந்து வருகிறவனைக் குளித்தாயா என்று அந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை. செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவன் குளிக்கவில்லை.