நாலேகால் மஞ்சூர் பேருந்தில் பேரவைக் கூட்டம்

ஊட்டி மலையரசி மகளிர் கல்லூரியில் தலைமைப் பண்பு மையம் என்று ஓர் அறை உண்டு. அதன் சுவரில் நாடுகளை ஆண்ட பெண்கள் பதினாறு பேர் வரிசையாகச் சிரிக்கிறார்கள். அவர்களில் யாருக்கும் மஞ்சூர்ப் பேருந்தைப் பிடிக்கும் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

ஜோதிமணிக்கு இருந்தது. வணிகவியல் மூன்றாம் ஆண்டு மாணவி. அப்பா மஞ்சூரை அடுத்த குந்தா மின்நிலைய ஊழியர். ஜூலையில் மாணவியர் பேரவைத் தலைவியாக ஜெயித்தாள். குந்தாப் பக்கத்திலிருந்து ஒருத்தி அந்தப் பதவிக்கு வந்தது இதுவே முதல் முறை. பேரவைக் கூட்டமோ வகுப்பு முடிந்தபின் நான்கு மணிக்கு மேல். அவள் பேருந்து நாலேகாலுக்கு. அதை விட்டால் ஆறரை. இறங்கி ஒன்றரை கிலோமீட்டர் இருட்டிலும் மூடுபனியிலும் நடக்க வேண்டும், எதிரில் காட்டெருமை வராமல் இருந்தால். அப்பா ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வராதவர் பதவியை இழப்பார் என்பது விதி. இரண்டு போய்விட்டன. மூன்றாவது இன்று. கூட்ட நேரத்தை மாற்றலாம். ஆனால் தலைவியே கூட்டத்துக்கு வந்து முன்மொழிய வேண்டும்.

விதிகளை எழுதியவர் மையத்தின் ஒருங்கிணைப்பாளர் பேராசிரியர் பாலாமணி. கோவைக்காரர். தடைகளைத் தாண்டுவது எப்படி என்று ஆண்டுதோறும் படக்காட்சியுடன் இரண்டு மணி நேரம் பேசுவார்.

பகல் பன்னிரண்டரைக்கு அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் தொங்கியது. கூட்டம் நடைபெறும் இடம்: மாலை 4.15 மஞ்சூர்ப் பேருந்து.

துணைத் தலைவி மனிஷா அதைப் படித்துவிட்டு நேராக கேன்டீனுக்கு வந்தாள்.

"ஏண்டி, உனக்குக் கிறுக்கா?"

"எடத்தத் தலைவி முடிவு பண்ணலாம்டி. மூணு மணி நேரம் முன்னாடி சொன்னாப் போதும். விதியில இருக்குது. ஒம்பது பேர்ல அஞ்சு பேர் வந்தாத்தான் கூட்டம் செல்லும், இல்லாட்டி நான் வந்ததாவே கணக்கில்ல. அந்த பஸ்ல போறது நாங்க நாலு பேரு."

"அஞ்சாவது?"

ஜோதிமணி அவளையே பார்த்தாள்.

"நான் வராம இருந்தா நாளைக்கு நாந்தாண்டி தலைவி."

"தெரியும்."

மனிஷா போண்டாவைப் பிட்டு யோசித்தாள். "தலைவின்னா தெனமும் காலையில பிரேயர்ல பேசோணும். நேரத்துல எந்திரிக்கோணும். எவளால ஆகும்? எனக்கு ஜன்னல் சீட்டு."

நாலு பதினான்குக்கு பாலாமணி மேடம் கூட்டக் குறிப்பேட்டை அணைத்தபடி ஓடிவந்து ஏறினார். கூட்டம் முடியும்வரை பேராசிரியர் உடனிருந்து கையெழுத்திட வேண்டும் என்பதும் அவர் எழுதியதுதான்.

"இதென்ன வெளையாட்டு, ஜோதிமணி? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"ரெண்டு மனு குடுத்தேனுங்க மேடம். ரெண்டுலயும் 'கூட்டத்துக்கு வந்து சொல்லவும்'னு எழுதிக் குடுத்தீங்க."

நடத்துநர் சபாபதி பெண்களுக்கான கட்டணமில்லாச் சீட்டுகளைக் கிழித்து நீட்டினார். "மீட்டிங்குன்னா டீ உண்டுங்களா?"

லவ்டேல் சந்திப்பு தாண்டியதும் வளைவுகள் தொடங்கின. ஜோதிமணி கம்பியைப் பிடித்தபடி தீர்மானத்தை வாசித்தாள்: இனிக் கூட்டம் மதிய உணவு இடைவேளையில். மேடம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பக்கத்தில் காய்கறிக் கூடையுடன் இருந்த வேலாயி ஓர் எலுமிச்சம்பழத்தை அவர் கையில் திணித்தாள். "மோந்துக்கங்க டீச்சர். வெளிய பாருங்க, நோட்டப் பாக்காதீங்க."

"ஆதரிக்கறவங்க கை தூக்குங்க."

ஆறு கைகள் உயர்ந்தன.

"அக்கா, நீங்க உறுப்பினர் இல்லீங்க."

"இருந்துட்டுப் போவுது கண்ணு. நாலு மணிக்கு மேல எனக்குந்தான் ஆவாது," என்றாள் வேலாயி, கையை இறக்காமல்.

ஐந்து என்று எழுதப்பட்டது. மேடம் ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் இடையில் கையெழுத்திட்டார். அது அவர் கையெழுத்து போலவே இல்லை.

முத்தோரையில் அவரும் மனிஷாவும் இறங்கினார்கள். குளிர்காற்றில் மேடத்துக்கு உயிர் வந்தது.

"ஊட்டிக்கு அடுத்த பஸ் எப்போ?"

"அஞ்சே முக்காலுங்க மேடம்," என்றாள் ஜோதிமணி ஜன்னல் வழியாக.

மேடம் வானத்தைப் பார்த்தார். மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. கைப்பேசியில் கணவரை அழைத்தார்.

"ஏனுங்க, இன்னிக்கு வர நேரமாகும்... மீட்டிங்குங்க... இல்ல, காலேஜ்ல இல்ல, முத்தோரையில... பஸ்லதானுங்க நடந்துது... நெசமாத்தான் சொல்றேன். நம்பாட்டி நீங்களே கேளுங்க."

ஜன்னலுக்குள் கைப்பேசியை நீட்டினார். சபாபதி விசிலை வாயில் வைத்தபடி காத்திருந்தார்.

"வணக்கமுங்க சார்," என்றாள் ஜோதிமணி. "பேரவைத் தலைவி பேசறேனுங்க. மேடத்த நாங்கதான் கூட்டிட்டு வந்தோம்."